ஒன்பது பத்துக்கு வரும் சித்தி

மருந்துக் கடைக்குள் நுழைந்தால் நான் முதலில் சுவரைத்தான் பார்ப்பேன். கடையின் உரிமம் எங்கே மாட்டியிருக்கிறது, அதன் பக்கத்தில் மருந்தாளுநரின் சான்றிதழ் இருக்கிறதா, அதில் ஒட்டியிருக்கும் படத்துக்கு உரியவர் கடையில் நிற்கிறாரா என்று பார்த்த பிறகே சீட்டை நீட்டுவேன். சென்ற மாதம் கோவில்பட்டியில் ஒரு கடையில் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி வெள்ளை அங்கியோடு நின்றிருந்தாள். என் சீட்டை இரண்டு முறை வாசித்தாள். "இது பழைய சீட்டு மேடம். இந்த மாத்திரைக்குப் புதுசா எழுதி வாங்கிட்டு வாங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். பின்னால் நின்றவர் எனக்காக முணுமுணுத்தார். நான் சீட்டை மடித்துக்கொண்டு வெளியே வந்தேன். அன்றைய நாட்குறிப்பில் இரண்டு செய்திகள் எழுதினேன். ஒன்று, மாத்திரை கிடைக்கவில்லை. இரண்டு, படத்தில் இருந்த பெண் கடையில் இருந்தாள்.

இரண்டாவது செய்தியை எழுதும்போது எனக்கு உண்டான கூச்சத்துக்குக் காரணம் முப்பது வருடம் பழையது.

அப்போது எனக்குப் பதினோரு வயது. ஆறாம் வகுப்பு. அப்பாவும் சித்தப்பாவும் பிரியாமல் ஒரே வீட்டில் இருந்தார்கள். அப்பா, தீப்பெட்டி ஆபீஸ்களுக்கு அட்டை வாங்கிக் கொடுக்கும் வியாபாரம் செய்தார். தொழிற்சாலையை எங்கள் ஊரில் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். சித்தப்பா மருந்துக் கடை வைத்திருந்தார். கடை, பஸ் நிலையத்துக்குப் போகும் சாலையில் இருந்தது. வீடு அதற்குப் பின்னால் இரண்டாவது தெரு. வீட்டுப் புறவாசலில் இருந்து கடையின் பின்கதவுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு எட்டு. என் எட்டில்.

எதையும் எண்ணி, மணி பார்த்து எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு அப்போதே உண்டு. போன வருடத்து நோட்டுகளில் எழுதாத பக்கங்களைக் கிழித்து, ஊசி நூலால் தைத்து ஒரு நோட்டு வைத்திருந்தேன். கழுகுமலை பஸ் எங்கள் தெருமுனையைத் தாண்டுகிற நேரம், தண்ணீர் வருகிற நேரம், கரண்ட் போன நேரம், வந்த நேரம் எல்லாம் அதில் இருக்கும். சித்தப்பா என்னை "டைம் கீப்பர்" என்று கூப்பிடுவார். பஸ் நிலையத்தில் கூண்டுக்குள் உட்கார்ந்து வண்டிகளை விரட்டுகிறவருக்கு அதுதான் பெயர். எனக்கு அந்தப் பட்டத்தில் பெருமைதான்.

சித்தப்பா மருந்துக் கடை வைக்க நினைத்தபோது அவரிடம் இடம் இருந்தது, முதல் இருந்தது, வருகிறவர்களைச் சிரிக்க வைத்து அனுப்பும் வாய் இருந்தது. படிப்பு இல்லை. மருந்தாளுநர் படிப்பு படித்து, பதிவு செய்த ஒருவர் கடையில் இருந்தால்தான் உரிமம் என்பது சட்டம். முதலில் சங்கரன்கோவில் பக்கத்தில் ஒருவருடைய சான்றிதழை வாங்கி மாட்டினார்கள். அந்த மனிதரை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அவர் படம் மட்டும் மூன்று வருடம் எங்கள் கடையில் வேலை பார்த்தது. பிறகு அவர் ஏதோ முறுக்கிக்கொண்டார். சரியாக அந்தச் சமயத்தில் சித்தப்பாவுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எப்போதும்வென்றான் பக்கம் ஒரு வீட்டில் பெண் டி.ஃபார்ம் முடித்திருக்கிறாள் என்று தரகர் சொன்னதும் ஜாதகம் பார்க்கும் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. கட்டில், பீரோ, பித்தளைப் பாத்திரங்களோடு, கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழும் வண்டியில் வந்து இறங்கியது. மற்றவை வீட்டுக்குள் போயின. சான்றிதழ் நேரே கடைக்குப் போனது.

அந்தச் சான்றிதழில் சித்திக்கு இருபது வயது. பின்னல் ஒன்று தோளில் முன்பக்கமாக விழுந்திருக்கும். எதையோ சொல்ல வாயெடுத்தபோது படம் பிடித்துவிட்டது போல உதடுகள் கொஞ்சம் பிரிந்திருக்கும். கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அந்த முகத்தைப் பார்த்தார்கள். சித்தியை யாரும் பார்த்ததில்லை. வியாபாரக் குடும்பத்தில் வீட்டுப் பெண் கல்லாப் பக்கம் நின்றால், ஆள் வைக்க வக்கில்லாமல் கடை நொடித்துவிட்டது என்று பேசுவார்கள். வீட்டில் சொன்ன காரணம் அது. யாருக்கும் அதில் தப்பு தெரியவில்லை. எனக்கும்தான்.

ஆனால் சித்தியின் கையெழுத்து மட்டும் வாரம் தவறாமல் கடைக்குப் போகும். சிவப்புக் கோடு போட்ட அட்டைகளில் வரும் மாத்திரைகளை டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. யாருக்கு, எந்த டாக்டர் எழுதியது, எத்தனை என்று ஒரு பதிவேட்டில் எழுதி, மருந்தாளுநர் கையெழுத்துப் போட வேண்டும். சித்தப்பா ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தப் பதிவேட்டை வீட்டுக்குக் கொண்டுவருவார். சித்தி அடுப்படியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாக வாசித்து, ஒவ்வொரு வரிக்கும் நேராகக் கையெழுத்துப் போடுவார். அதற்கு நேரமாகும். சித்தப்பா காலை ஆட்டிக்கொண்டே பார்த்துவிட்டு, "ஏன் வாசிக்க? போட்டுட்டுப் போயேன்" என்பார். சித்தி நிமிராமல் வாசிப்பார். கோட்டுக்கு வெளியே போகாத அந்தக் கையெழுத்து எனக்கு மிகவும் பிடிக்கும். அதைப் பார்த்துத்தான் என் கையெழுத்தைத் திருத்திக்கொண்டேன்.

மருந்து ஆய்வாளர் வருடத்துக்கு ஒரு தடவை, சில சமயம் இரண்டு தடவை வருவார். அவர் ஊருக்குள் முதல் கடையில் காலை வைத்ததும் எங்கள் வீட்டுத் தொலைபேசி அடிக்கும். "விருந்தாளி வந்திருக்காவ" என்று ஒரு குரல் சொல்லி வைத்துவிடும். உடனே சித்தி சேலை மாற்றிக்கொண்டு, அலமாரியில் இஸ்திரி போட்டு வைத்திருக்கும் வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு, புறவாசல் வழியாகப் போய்க் கடையில் உட்காருவார். ஆய்வாளர் போனதும் அதே வழியில் திரும்பி வந்து அங்கியை மடித்து வைப்பார். நான் பார்க்க இரண்டு தடவை அப்படி நடந்தது. இரண்டு தடவையும் அடுப்பில் வைத்த குழம்பு அடிப்பிடிக்கவில்லை. அவ்வளவு சுருக்கான வேலை.

எங்கள் புறவாசலுக்கு எதிரே இருந்த வீட்டில் ஓர் அக்கா இருந்தார். அவரைப் பின்வீட்டு அக்கா என்போம். தீப்பெட்டி ஆபீஸில் பெட்டிக்குள் குச்சி அடைக்கும் வேலை. நாள் முழுக்க உட்கார்ந்தே செய்வதால் முட்டி பிடித்துக்கொள்ளும். எங்கள் குழாயில் தண்ணீர் எடுக்க வரும்போது சுவரைப் பிடித்துப் பிடித்து நடப்பார். ஒருநாள் கையை வீசிக்கொண்டு வந்தார். சித்தப்பா கொடுத்த செட் என்றார்.

செட் என்றால் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். காய்ச்சலுக்கு ஒரு செட், வயிற்றோட்டத்துக்கு ஒரு செட், மூட்டு நோவுக்கு ஒரு செட். டாக்டரிடம் போகாமல், கடையில் நோவைச் சொன்னால், நாலு விதமான மாத்திரைகளை அட்டையில் இருந்து வெட்டி, ஒரு துண்டுத் தாளில் மடித்து, காலையில் ஒன்று ராத்திரி ஒன்று என்று கொடுப்பார்கள். சித்தப்பாவின் செட்டுக்குப் பெயர் இருந்தது. இடைசெவலில் இருந்தெல்லாம் ஆட்கள் பஸ் ஏறி வந்து, "டாக்டர் அண்ணாச்சி இருக்காவளா?" என்று கேட்பார்கள்.

ஆடி முடிகிற சமயம் என்று நினைக்கிறேன். குழாயடியில் பின்வீட்டு அக்காவின் முகத்தைச் சித்தி கொஞ்ச நேரம் பார்த்தார். அந்த முகம் உருண்டு, மினுமினுவென்று இருந்தது. சித்தி மாத்திரையைக் காட்டச் சொன்னார். அக்கா இடுப்பில் செருகியிருந்த பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். சித்தி விரல் நுனியால் ஒன்றைத் தனியே ஒதுக்கினார்.

"இந்தச் சின்ன வெள்ள மாத்திரைய எத்தன நாளா போடுதீங்க?"

"அது ஆச்சு, பொங்கலுக்கு முந்தியே. அதப் போட்டாத்தான் முட்டி மடங்குது. ஒடம்பும் எப்படித் தேறியிருக்கு பாருங்க. ஆபீஸ்ல எல்லாரும், எந்தக் கடை அரிசி திங்கேன்னு கேக்காளுவ."

சித்தி சிரிக்கவில்லை. அது உடம்பு தேறியது இல்லை, வீக்கம் என்று சொன்னார். எலும்பைத் தின்னுகிற மாத்திரை, ஆனாலும் இத்தனை மாதம் போட்டதைச் சட்டென்று நிறுத்தினால் அதுவும் ஆபத்து, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் இந்தப் பொட்டலத்தைக் காட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொல்லுங்கள் என்றார். இரண்டு தடவை சொன்னார். அக்கா தலையாட்டிவிட்டு, நேரே கடைக்குப் போய்ச் சித்தப்பாவிடம் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். உங்க வீட்ல இவிய எதையோ சொல்லிப் பயங்காட்டுதாவ அண்ணாச்சி என்று.

அன்று மத்தியானம் சாப்பாட்டின்போது பேச்சு வந்தது. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"அவ நோவு தீந்து வேலைக்குப் போறா. அதுல ஒனக்கு என்ன வந்துச்சு? கடையில நின்னு பாத்தாத்தான் தெரியும், யாருக்கு என்ன குடுக்கணும்னு" என்றார் சித்தப்பா.

"அதத்தான் நானும் சொல்லுதேன். நிக்குதேன்" என்றார் சித்தி.

சித்தப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். பிறகு சிரித்தார். அப்பாவும் சிரித்தார். ரசம் கேட்டார்கள். சித்தி ரசம் ஊற்றினார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பதிவேடு வந்தபோது சித்தி வழக்கத்தைவிட மெதுவாக வாசித்தார். பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினார். அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை ஒரு வரியில்கூட இல்லை என்பதைத்தான் அவர் பார்த்தார் என்று இப்போது தெரியும். அப்போது நான் எதிரே உட்கார்ந்து, இந்த வாரம் கையெழுத்துப் போட நாற்பது நிமிடம் ஆனது என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

அதற்குச் சில நாள் கழித்து, பள்ளிக்கூடம் போகும் வழியில் போடச் சொல்லி ஒரு கடிதம் கொடுத்தார். ஒட்டிய உறை. மேலே மருந்து ஆய்வாளர் அலுவலகத்தின் முகவரி. என்ன சித்தி என்று கேட்டேன். "என் சர்டிபிகேட் விஷயமா" என்றார். சான்றிதழைப் புதுப்பிக்க அவ்வப்போது கடிதம் போவது எனக்குத் தெரியும். தபால் பெட்டியில் போட்டுவிட்டு, அடுத்த எடுப்பு நேரத்தைப் பெட்டியில் பார்த்து, உறையின் முகவரியோடு நோட்டில் குறித்துக்கொண்டேன். சொன்ன காரியத்தைச் செய்ததற்கு ஆதாரம் வேண்டும் அல்லவா.

காலாண்டுப் பரீட்சை முடிந்து விடுமுறை விட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை. சித்தி தலைக்குக் குளித்துவிட்டு, கூந்தலைத் துண்டால் முடிந்துகொண்டு, முற்றத்தில் மிளகாய் வற்றலைக் கிளறிக்கொண்டிருந்தார். தொலைபேசி அடித்தது. நான்தான் எடுத்தேன். விருந்தாளி வந்திருக்காவ. மணி பத்து இருபத்தெட்டு.

ஓடிப்போய்ச் சொன்னேன். சித்தி என்னைப் பார்த்தார். "சரி. வாரேன். நீ போ" என்றார். வற்றலை இன்னொரு தடவை கிளறினார். கையைக் கழுவினார். நிதானமாகக் கழுவினார். அலமாரிப் பக்கம் போகவே இல்லை. சித்திக்கு மறந்துவிட்டது என்று நினைத்தேன். எனக்குப் பதறியது. நானே அலமாரியைத் திறந்து வெள்ளை அங்கியை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முந்நூற்றுப் பன்னிரண்டு எட்டையும் ஓடினேன்.

ஆய்வாளர் அதற்குள் வந்துவிட்டார். மெலிந்த மனிதர், கையில் ஒரு கோப்பு. குரலை உயர்த்தாமல் பேசினார். மற்றக் கடைகளை அவர் பாதியில் விட்டுவிட்டு நேரே எங்கள் கடைக்கு வந்ததாகப் பிறகு சொன்னார்கள். குளிர்பெட்டியைத் திறந்து உள்ளே இருந்த வெப்பமானியைப் பார்த்தார். காலாவதியான மருந்துகளைத் தனியே வைத்திருக்கிற பெட்டியைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். பதிவேட்டைப் புரட்டினார். சித்தப்பா, "இப்பத்தான் சார், வீட்டுக்கு ஒரு எட்டுப் போயிருக்காவ, வந்துருவாவ" என்று சொல்லிக்கொண்டே கண்ணாடி மேசையில் விரலால் தாளம் தட்டிக்கொண்டிருந்தார். அவர் பயப்படும்போது அப்படிச் செய்வார்.

சித்தி பின்கதவு வழியாக வந்தார். வீட்டுச் சேலை. முகத்தில் மஞ்சள். தலையில் முடிந்த துண்டு. நான் அங்கியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

ஆய்வாளர் பதிவு எண்ணைக் கேட்டார். சுவரைப் பார்க்காமல் சொன்னார் சித்தி. ஆய்வாளர் ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டி, இதை யாருக்கு, எப்படிக் கொடுப்பீர்கள் என்று கேட்டார். சித்தி சொல்லத் தொடங்கினார். எந்த நோய்க்கு, எந்த அளவு, யாருக்கு ஆகாது, கர்ப்பிணி வந்தால் என்ன கேட்க வேண்டும், என்ன சொல்லி அனுப்ப வேண்டும் என்று எழுதி வைத்து வாசிப்பது போலச் சொன்னார். சித்தி ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. சித்தப்பாவும் கேட்டிருக்க மாட்டார். அவர் வாயைப் பிளந்து பார்த்தார்.

"படிப்பெல்லாம் சரியா இருக்கும்மா" என்றார் ஆய்வாளர். கோப்பைத் திறந்தார். அதில் இருந்த ஒரு தாளை ஒரு முறை பார்த்துக்கொண்டார். "தினமும் நீங்க கடையில இருக்கீங்களா?"

சித்தப்பாவின் விரல் நின்றது.

சித்தி சித்தப்பாவைப் பார்த்தார். பிறகு ஆய்வாளரைப் பார்த்தார். சுவரில் இருந்த படத்தில் போலவே உதடுகள் பிரிந்தன. ஒன்றும் வரவில்லை. நான் எண்ணினேன். ஐந்து வரை எண்ணியிருப்பேன். சித்திக்குப் பதில் தெரியவில்லை, திக்குகிறார், கடை போய்விடப் போகிறது என்று எனக்குத் தோன்றியது. வகுப்பில் பதில் தெரியாத பிள்ளைக்குப் பின்னால் இருந்து எடுத்துக் கொடுப்பது போல நான் முன்னால் வந்தேன்.

"எங்க சித்தி தினமும் ஒம்பது பத்துக்கு வருவாவ சார். ஒண்ணே காலுக்குச் சாப்பிடப் போவாவ. மூணரைக்குத் திரும்ப வந்துட்டு எட்டே முக்காலுக்குத்தான் வீட்டுக்கு வருவாவ."

நான் சொன்ன நேரங்கள் எல்லாம் உண்மை. ஒரு நிமிடம்கூடப் பிசகாது. மாதக்கணக்காக நோட்டில் எழுதி வைத்தவை. ஆள்தான் வேறு. அவை சித்தப்பாவின் நேரங்கள்.

ஆய்வாளர் குனிந்து என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. "மணி பத்தே முக்கால் ஆகுதே, இன்னிக்கு என்ன?" என்று கேட்டார்.

"வெள்ளிக்கிழமை மட்டும் தலைக்குக் குளிப்பாவ சார். அன்னைக்குப் பதினோரு மணிக்குத்தான் வருவாவ" என்றேன்.

இது முழுப் பொய். யாரும் சொல்லித் தரவில்லை. அதை எங்கிருந்து எடுத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆய்வாளர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். சித்தியின் ஈரத் தலையைப் பார்த்தார். துண்டில் இருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் தோளில் விழுந்தது. கையில் இருந்த தாளை மடித்துக் கோப்புக்குள் வைத்தார்.

"அப்படித்தானாம்மா?" என்று சித்தியிடம் கேட்டார்.

சித்தி என்னைப் பார்த்தார். கோபப் பார்வை இல்லை. நான் சின்னக் குழந்தையாக இருந்தபோது எங்கேயாவது விழுந்து எழுந்தால், அடிபட்டிருக்கிறதா என்று மேலும் கீழும் பார்ப்பார். அப்படிப் பார்த்தார்.

"ஆமா சார்" என்றார்.

பிறகு என் கையில் இருந்த வெள்ளை அங்கியை வாங்கி மாட்டிக்கொண்டார். வெள்ளிக்கிழமையும் நேரத்துக்கு வரப் பாருங்கள் என்று ஆய்வாளர் அறிவுரை சொன்னார். சித்தி ஆய்வுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார். ஆய்வாளர் தெருமுனையைத் தாண்டுகிற வரைக்கும் சித்தப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தாண்டியதும் சித்தப்பா என்னை அப்படியே தூக்கி மேசைமேல் உட்கார வைத்தார்.

"ஏட்டி டைம் கீப்பரு! நீ எங்கன இருந்துட்டி இதெல்லாம் படிச்ச?"

அடுத்த கடைக்காரர் வந்தார், எதிர்க் கடைக்காரர் வந்தார். எல்லாரிடமும் சித்தப்பா அதைச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் என்னை நேரங்களை முதலில் இருந்து சொல்லச் சொன்னார். நானும் சொன்னேன். சித்தி எப்போது பின்கதவு வழியாகப் போனார் என்று நான் பார்க்கவில்லை. நான் நேரம் குறிக்காமல் விட்ட ஒரே போக்கு அதுதான்.

சித்தப்பா இழுப்பறையைத் திறந்து ஒரு டைரியை எடுத்தார். மருந்துக் கம்பெனி ஆட்கள் கொண்டுவந்து கொடுப்பது. கறுப்பு ரெக்சின் அட்டை, ஓரத்தில் தங்க நிறம், நடுவில் சிவப்பு நாடா. "டாக்டர்மாருக்குன்னு வச்சிருந்தது. இனிமே ஒனக்கு" என்றார். வருடத்தில் ஒன்பது மாதம் போய்விட்டிருந்தது. அந்த டைரியில் முதல் ஒன்பது மாதப் பக்கங்கள் இன்றும் வெறுமையாக இருக்கின்றன. முப்பது வருடமாக ஒரு நாளும் விடாமல் நான் எழுதிவருகிற நாட்குறிப்புக்கு அதுதான் ஆரம்பம். ஒழுங்கானவள், சொன்னால் சொன்ன நேரம், பொய் பேச மாட்டாள் என்று என்னைப் பற்றிச் சொல்கிறவர்களிடம் அது எனக்கு எப்படி வந்தது என்று நான் சொன்னதில்லை.

பின்வீட்டு அக்கா செட்டை நிறுத்தவில்லை. சித்தி அதற்குப் பிறகும் குழாயடியில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். இரண்டு வருடத்தில் அக்காவுக்கு இடுப்பில் நோவு வந்தது. திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்தபோது, இடுப்பு எலும்பின் முனை உளுத்துவிட்டது என்றார்களாம். பிறகு அவர் வேலைக்குப் போகவில்லை. ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு தண்ணீர் எடுக்க வருவார். "அண்ணாச்சி செட்டு குடுத்தவரைக்கும் நல்லாத்தான் இருந்தேன்" என்று அப்போதும் சொல்வார். சித்தி அவருடைய குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டு வருவார்.

பத்து வருடத்துக்கு முன் வீடு மாறியபோது பழைய நோட்டுகளை வருடவாரியாக அடுக்கினேன். தைத்த நோட்டின் கடைசிப் பக்கங்களை வாசித்தேன். கடிதம் தபாலில் போட்ட நாள் இருந்தது. உறையின் முகவரியும் இருந்தது, சித்தியுடையதைப் பார்த்துத் திருத்திய என் கையெழுத்தில். விருந்தாளி வந்த நாள் அதிலிருந்து பத்தொன்பதாவது நாள். இரண்டையும் எழுதியவள் நான். இரண்டும் ஒரே காரியம் என்று தெரிந்துகொள்ள எனக்கு இருபது வருடம் ஆனது. பெயர் போடாமல் தன்மேலேயே புகார் எழுதியிருக்கிறார் சித்தி. ஆய்வாளர் வந்து கேட்பார், இல்லை என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். கடையை மூட வேண்டும், அல்லது சித்தியைக் கடையில் உட்கார வைக்க வேண்டும். வேறு வழி இருந்திருக்காது. வற்றலை இரண்டாம் தடவை கிளறியதும், கையை நிதானமாகக் கழுவியதும் அந்த ஒரு வார்த்தையைத் தயார் செய்யத்தான்.

சித்தப்பா இப்போது இல்லை. கடையை வேறு ஒருவருக்குக் கொடுத்தாகிவிட்டது. சித்தி இன்றும் சான்றிதழைத் தவறாமல் புதுப்பிக்கிறார். ஒருநாள்கூட அதை வைத்து வேலை பார்த்ததில்லை. உறவில் யாருக்கு என்ன மாத்திரை எழுதினாலும் சித்திக்குத்தான் படம் எடுத்து அனுப்புகிறோம். அவர் வாசித்துவிட்டு, இதைச் சாப்பிட்ட பின் போடு, அதோடு இதைச் சேர்க்காதே, அந்த டாக்டரிடம் இன்னொரு தடவை கேள் என்று பதில் சொல்வார்.

போன பொங்கலுக்குப் போயிருந்தபோது கேட்டுவிட்டேன். அன்றைக்கு நான் என்ன சொன்னால் என்ன, நீங்கள் இல்லை என்று சொல்லியிருக்கலாமே என்றேன். எந்த அன்றைக்கு என்று அவர் கேட்கவில்லை. என் மாத்திரை அட்டையை வெளிச்சத்தில் பிடித்து நாள் முடிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீதான் அவ்வளவு தெளிவா சொல்லிட்டியே. அதுக்கு மேல நான் இல்லன்னு சொன்னா, நாலு பேரு முன்னால ஒன்னயல்லா பொய்க்காரப் பிள்ளன்னு ஆக்கணும்."

அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். சாப்பிட்டுவிட்டுத்தான் போடுகிறேனா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஊருக்குத் திரும்பியதும் கறுப்பு டைரியை எடுத்துப் பார்த்தேன். ஒன்பது மாத வெறும் பக்கங்களுக்குப் பிறகு முதல் பதிவு. எழுத்துகள் குண்டு குண்டாக, கோட்டுக்கு வெளியே போகாமல் இருக்கின்றன.

"காலை 10.28 போன் வந்தது. நான் போவதற்கு முன்பே இன்ஸ்பெக்டர் கடைக்கு வந்துவிட்டார். 11.05க்குப் போனார். கடைக்கு ஒன்றும் ஆகவில்லை. சித்தப்பா இந்த டைரியைத் தந்தார். சித்தி மத்தியானம் சாப்பிடவில்லை. ஈரத் தலையோடு வந்ததால் தலைவலியாக இருக்கும்."